நரை வந்த பின் பாய் விரிக்கலாமா?

ஓய்வுக் காலச் சிந்தனைகள் – மாதத் தொடர்



"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது நம் வீடுகளில் அடிக்கடி ஒலிக்கும் பழமொழி. பிள்ளைகளைச் சிறு வயதிலேயே நல்வழியில் பழக்கவேண்டும் என்னும் கருத்தில் முன்னோர் அதைச் சொல்லிவைத்தனர். நாளடைவில் அது முதியோரின் வாயை அடைக்கும் பூட்டாகவும் ஆகிவிட்டது. அறுபது வயதில் ஒருவர் புதிய மொழி ஒன்றைக் கற்கப் புறப்பட்டாலும், ஆர்மோனியம் வாசிக்கப் பழக முனைந்தாலும், "இந்த வயதில் உமக்கு இது எதற்கு?" என்று கேட்பதற்கு வீட்டிலும் வெளியிலும் ஆட்கள் இருக்கின்றனர். அக்கேள்விக்கு அஞ்சியே பலர் பணி ஓய்வு பெற்ற மறுநாள் முதல் திண்ணையில் அமர்ந்துவிடுகின்றனர்.

இம்மாதம் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் சிலருக்கு வியப்பைத் தரலாம். சிறு பாய்மரப் படகு ஒன்றில் கரையோரக் கடலில் செல்வதற்கு முதிய வயதில் பயிலுதல் என்பதே அப்பொருள். "எருமப்பட்டியில் இருந்துகொண்டு கடலைப் பற்றி எழுதுவானேன்?" என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். வடக்கே கொல்லிமலையும் தெற்கே காவிரியும் நிற்க, இடைப்பட்ட சமவெளியில் ஏரியையும் கிணற்றையும் நம்பி வாழ்ந்தவர்கள் நாம். நம்மில் பலர் கடலை முதன்முதலாகக் கண்டது வேளாங்கண்ணிக்குச் சென்றபோதுதான். ஆயினும் கடலுக்கும் நமக்கும் உறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நாமக்கல் கோழிப் பண்ணைகளின் முட்டைகள் கப்பலேறி அயல்நாடுகளுக்குச் செல்கின்றன. நம் பகுதி லாரி ஓட்டுநர்கள் குஜராத்தின் காண்ட்லா முதல் நம் தூத்துக்குடி வரை எத்தனையோ துறைமுகங்களின் வாயிலைக் கண்டு வந்தவர்கள். துறைமுக வாயில் வரை சென்ற நாம் அதற்கு அப்பால் செல்ல எண்ணியதில்லை, அவ்வளவே.

மலைநாட்டிலும் சமவெளியிலும் பிறந்தவர்கள், அதுவும் நரை கண்ட பின், கடலைக் கற்க இயலுமா? இயலும் எனில் எவ்வாறு? அதற்கு எல்லை எது? இவற்றையே இங்குச் சிந்திப்போம்.

உள்நாட்டுக் கிராமத்திலிருந்து ஒரு கனவு

மராட்டிய மாநிலம் சாத்தாரா மாவட்டத்தில் பல்டண் நகருக்கு அருகே விஞ்சூர்ணி என்றொரு சிற்றூர் உண்டு. நம் எருமப்பட்டியைப் போலவே கடலுக்கு வெகு தொலைவிலுள்ள ஊர் அது. இந்தியக் கடற்படையில் வைஸ் அட்மிரலாக இருந்து 1983இல் ஓய்வு பெற்ற மனோகர் அவதி அவர்கள் தம் முதுமையை அவ்வூரில் கழித்தார். 1971ஆம் ஆண்டுப் போரில் வீர சக்கர விருது பெற்ற வீரர் அவர். ஓய்வுக்குப் பின் அவர் உள்ளத்தில் ஓர் எண்ணம் தங்கிவிட்டது. இந்தியர் ஒருவர், இந்தியாவிலேயே கட்டப்பட்ட பாய்மரப் படகில், தன்னந்தனியாக உலகைச் சுற்றி வரவேண்டும் என்பதே அது. 2006ஆம் ஆண்டு அம்முயற்சி உருவெடுத்தபோது அவருக்கு வயது 79.

கடற்படை அதிகாரி திலீப் தோந்தே அதற்கு முன்வந்தார். கோவாவில் 'மாதேய்' என்னும் படகு கட்டப்பெற்றது. 2009 ஆகஸ்டு 19ஆம் நாள் மும்பையிலிருந்து புறப்பட்ட தோந்தே, நான்கு துறைமுகங்களில் மட்டும் தங்கி, 2010 மே மாதத்தில் மும்பை திரும்பினார். தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய முதல் இந்தியர் என்னும் பெருமை அவருக்கு வாய்த்தது. அடுத்து, அதே படகில் அபிலாஷ் டோமி எங்கும் நிற்காமலே உலகைச் சுற்றி 2013இல் கரை சேர்ந்தார். 2017–18இல் பெண் அதிகாரிகள் அறுவர் 'தாரிணி' என்னும் படகில் சுற்றிவந்தனர். 2024 அக்டோபர் 2ஆம் நாள் கோவாவிலிருந்து அதே தாரிணியில் இரண்டே பெண்கள் புறப்பட்டு, 2025 மே 29 அன்று திரும்பினர். அவர்களுள் ஒருவர் நம் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. மற்றவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா.

இத்தனைக்கும் வித்து, சிற்றூரில் ஓய்வாக வாழ்ந்திருந்த முதியவர் ஒருவரின் உள்ளத்தில் விழுந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். அவதி அவர்கள் 2018இல் தம் 91ஆம் வயதில் காலமானார். அவர் தாமே அப்படகில் ஏறி உலகைச் சுற்றவில்லை. ஆனால் "எனக்கு வயதாகிவிட்டது" என்று சொல்லி அந்த எண்ணத்தைப் புதைத்துவிடவும் இல்லை.

ஐம்பதை நெருங்கித் தொடங்கியவர்கள்

அவதி அவர்கள் இளமை முதற்கொண்டே கடலோடு வாழ்ந்தவர். கடலை அறியாதோர் பிற்காலத்தில் கற்றதுண்டா? உண்டு.

இங்கிலாந்தில் ஜீன் சாக்ரட்டீஸ் என்னும் அம்மையார் கணித ஆசிரியையாகப் பணிபுரிந்தவர். 1942இல் பிறந்த அவர், ஐம்பது வயதை நெருங்கும் காலத்தில்தான் கணவரோடு சேர்ந்து பாய்மரப் படகு செலுத்தக் கற்றார். இருவரும் ஓய்வுக் காலத்தைப் படகிலேயே கழிக்கத் திட்டமிட்டனர். 2003இல் கணவர் புற்றுநோயால் மறைந்தார். நம் ஊராக இருந்தால் கைம்பெண்ணான அம்மையாரை மூலையில் அமரச் சொல்லியிருப்போம். அவரோ கணவரோடு கற்ற கலையைத் தனியாகத் தொடர்ந்தார். உலகைச் சுற்றி வந்து, பயணம் முடியச் சிறிது தொலைவே இருந்த நிலையில், 2008இல் மெக்சிகோ நாட்டுக் கரையில் படகு தரைதட்டி அழிந்தது. அவர் வேறொரு படகைக் கட்டுவித்தார். 2013இல், தம் 70ஆம் வயதில், எங்கும் நிற்காமல், எவர் உதவியும் பெறாமல் உலகைச் சுற்றி முடித்தார். 2017இல் படகில் தவறி விழுந்து கழுத்தெலும்பும் விலா எலும்புகளும் முறிந்தன. தேறி எழுந்து, 2018 அக்டோபரில் மீண்டும் புறப்பட்டு, 2019 செப்டம்பர் 7 அன்று கனடா நாட்டு விக்டோரியா துறைமுகத்தை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 77.

இங்கிலாந்தைச் சேர்ந்த பிரான்சிஸ் சிச்செஸ்டரின் வரலாறும் அறியத்தக்கது. 1901இல் பிறந்த அவர் இளமையில் விமானி. 1929–30இல் சிறு விமானத்தில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவிற்குத் தனியாகப் பறந்தவர். கடற்பயணத்திற்கெனப் படகு வாங்கியது 1953இல், ஐம்பதைக் கடந்த பின்னரே. 1958இல் நுரையீரலில் புற்றுநோய் என்று மருத்துவர்கள் கூறினர். அந்நோயினின்று மீண்டு, 1960இல் அட்லாண்டிக் கடலைத் தனியே கடக்கும் முதற்போட்டியில் 40 நாட்களில் அமெரிக்கக் கரை சேர்ந்து வென்றார். 1966 ஆகஸ்டில் பிளைமவுத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டு, சிட்னியில் மட்டும் தங்கி, 1967 மே 28 அன்று அதே துறைமுகத்திற்குத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 65.

இவ்விருவர் வாழ்விலும் ஓர் ஒற்றுமையைக் காணலாம். முதுமையில் புதிய கலையைக் கற்றபோது இவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. அம்மையாருக்குக் கணிதம் கைகொடுத்தது. சிச்செஸ்டருக்கு, சூரியனையும் விண்மீன்களையும் கொண்டு வழி கண்டறியும் விமானியின் பயிற்சி கைகொடுத்தது. இளமையில் கற்ற தொழில் எதுவாயினும் அது வீணாவதில்லை. நாற்பது ஆண்டு லாரி ஓட்டியவர், வண்டியை எடுக்குமுன் சக்கரத்தைத் தட்டிப் பார்த்து, எண்ணெயை அளந்து பார்த்து, சரக்கின் கட்டைச் சரிபார்த்துப் பழகியவர் அன்றோ? அப்பழக்கம் ஒன்றே படகோட்டிக்குப் பாதிக் கல்வி.

நம் கரையிலே

சென்னைத் துறைமுகத்திற்குள் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் என்னும் பாய்ப்படகுச் சங்கம் இருக்கிறது. அதனை 1911இல் தோற்றுவித்தவர், அந்நாளில் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். 1849இல் பிறந்தவராதலின் அப்போது அவருக்கு வயது அறுபதுக்கு மேல். இருப்புப்பாதைகளிலும் ஆற்றுப் பாலங்களிலும் பொறியாளராகப் பணிபுரிந்த பின், 1904இல் சென்னைத் துறைமுகத்திற்கு வந்தவர் அவர். கிழக்கு நோக்கித் திறந்திருந்ததால் அலைக்கும் மணலுக்கும் ஆளாகித் தவித்த துறைமுகத்தின் வாயிலை வடகிழக்குப் பக்கம் மாற்றியமைத்தவரும் அவரே. மற்றவர் ஓய்வை எண்ணும் வயதில் துறைமுகத்தையும் திருத்தினார். அதனுள் பாய்ப்படகு பயில ஓர் இடத்தையும் உண்டாக்கினார்.

அவர் காலத்தில் அது வெள்ளையரின் பொழுதுபோக்கு. இன்று நிலை வேறு. 2021இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிகளுக்குச் சென்ற இந்தியர் நால்வர். நேத்ரா குமணன், கே.சி. கணபதி, வருண் தக்கர் ஆகிய மூவரும் சென்னையில் வளர்ந்தவர்கள். விஷ்ணு சரவணன் வேலூரைச் சேர்ந்தவர். கடலில்லா வேலூரிலிருந்து ஒருவர் ஒலிம்பிக் வரை சென்றார் என்பதை நாம் கருத்தில் கொள்ளவேண்டும்.

பாய்க்கலை நமக்கு அயலார் கொடுத்ததும் அன்று. ஆங்கிலேயர் இரட்டைப் படகிற்கு வழங்கும் 'கேட்டமரான்' என்னும் சொல்லே நம் கட்டுமரத்திலிருந்து பிறந்ததுதான். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை ராபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். அக்கப்பலை அவ்வூர்த் தமிழ் மாலுமிகளே செலுத்திச் சென்று, 1938இல் அமெரிக்காவின் கிளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தனர். இராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டிப் பகுதியில் இன்றும் விழாக் காலங்களில் பாய்மரப் படகுப் போட்டிகள் நடைபெறுகின்றன.

கற்க வேண்டியது என்ன?

பாய்ப்படகு என்றவுடன், காற்று வீசும் திசையில் மிதந்து செல்வது என்று பலர் நினைப்பர். அவ்வாறாயின் சென்றவர் திரும்பி வருவது எப்படி? காற்றை எதிர்த்துச் செல்வதே இக்கலையின் உயிர்நாடி.

நேர் எதிர்க்காற்றில் எந்தப் பாய்ப்படகும் செல்லாது. காற்றின் திசைக்கு ஏறத்தாழ 45 பாகை விலகி வலப்புறமாகச் சிறிது தூரம் செல்லவேண்டும். பிறகு திரும்பி அதே அளவு விலகி இடப்புறமாகச் செல்லவேண்டும். இப்படி மாறி மாறிச் சென்றால், காற்று வரும் திசையிலுள்ள இடத்தையே அடைந்துவிடலாம். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். நேராக ஏறமுடியாத மலையை 70 கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பி ஏறுகிறோம் அன்றோ? அதே முறைதான் இதுவும். வளைந்து விரிந்த பாய், பறவையின் சிறகைப் போலப் படகை முன்னே இழுக்கிறது. படகின் அடியில் நீருக்குள் இறங்கி நிற்கும் கனத்த கட்டை, படகு பக்கவாட்டில் சரிந்து போகாமல் தடுக்கிறது. பின்னே உள்ள சுக்கான் திசையைத் திருத்துகிறது. இம்மூன்றையும் ஒருங்கே ஆளப் பழகுவதே பயிற்சி.

இதற்கு மல்லனின் உடல் வலிமை வேண்டியதில்லை. சிறு படகுகளில் கப்பி வைத்துக் கயிற்றை இழுப்பதால் நடுத்தர உடல்வலிமையே போதும். வேண்டுவன கூர்ந்த கவனமும் பொறுமையுமே. காற்று மிகுமுன் பாயைச் சுருக்கிக் கட்டவேண்டும். "சுருக்கலாமா?" என்னும் ஐயம் எழுந்த முதற்கணமே சுருக்கிவிடவேண்டும் என்பது பாய் கட்டுவோரிடையே வழங்கும் நெறி. இளைஞர் இதைக் கேட்டுச் சிரிப்பர். வெள்ளத்தையும் வறட்சியையும் கண்டு, கடனையும் நோயையும் கடந்து வந்த முதியவர், சொல்லாமலே பாயைச் சுருக்குவார். மூப்பு தரும் எச்சரிக்கை இங்கே குறையன்று, அது தகுதி.

காற்றை அறிவதிலும் நம் உழவர் பின்தங்கியவர் அல்லர். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டில் புகும் ஆடிக் காற்றை அறியாதவர் நம்மில் யார்? களத்தில் நெல் தூற்றும்போது, முகத்தில் படும் காற்றைக் கொண்டே முறத்தைத் திருப்பியவர்கள் நாம். கடலோர மக்கள் அக்காற்றுக்கு வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைதோறும் பெயரிட்டு, நீரோட்டத்தை நீவாடு என்று வழங்குகின்றனர். பகலில் நிலம் சூடேறுவதால் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கரை நோக்கி எழும். இரவில் நிலம் குளிர்வதால் கரைக்காற்று கடல் நோக்கி வீசும். விடியுமுன் கரைக்காற்றில் பாய் விரித்துச் சென்று, பிற்பகற் கடற்காற்றில் மீனோடு திரும்பியவர்கள் நம் கட்டுமரத்தார். இயற்கையின் இந்த நேரக் கணக்கைப் புரிந்துகொண்டவருக்குக் கரையோரப் பயணத்தின் முதற்பாடம் முடிந்தது.

அடுத்துப் படகு இருக்குமிடம் அறிதல். திசைகாட்டி, கடல் வரைபடம், செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவி ஆகியன இன்று உண்டு. கருவி பழுதுபட்டால்? கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை ஒரே நேர்க்கோட்டில் நிறுத்திப் பார்த்துத் தம் இடத்தைக் கணிப்பது மீனவர் வழக்கம். கலங்கரை விளக்கம், பனைமரக் கூட்டம், மலைமுகடு, ஆலயக் கோபுரம் இவையெல்லாம் அவர்களுக்கு எழுத்துக்கள். மணப்பாட்டில் கடலோரக் குன்றின்மேல் நிற்கும் திருச்சிலுவை ஆலயம் செபிக்கும் இடம் மட்டுமன்று; கடலில் இருப்போருக்கு அது வழிகாட்டியும் ஆகும்.

எவ்வளவு தொலைவு செல்லலாம்? சென்னையிலிருந்து புதுச்சேரி கடல்வழியே ஏறத்தாழ 75 கடல் மைல். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். சிறு பாய்ப்படகு மணிக்கு 5 கடல் மைல் செல்லுமாயின் அப்பயணத்திற்கு 15 மணி நேரம் ஆகும். பேருந்தில் மூன்று நான்கு மணி நேரத்தில் முடியும் பயணம் இது. விரைந்து சேர வேண்டுமென்பவர் பேருந்தில் செல்லட்டும்! புதிதாகக் கற்பவர் முதலாண்டில் துறைமுகத்திற்குள்ளும் அதன் வாயிலை ஒட்டியும் மட்டுமே பழகுவது நன்று. நன்னீர் ஏரியிலும் இக்கலையைத் தொடங்கலாம். ஹைதராபாத்து நகரின் நடுவே உள்ள ஹுசைன் சாகர் ஏரியில் பாய்ப்படகுப் பயிற்சியும் தேசியப் போட்டிகளும் நடைபெறுகின்றன.

கடல் விளையாட்டுத் திடல் அன்று

இதுவரை ஊக்கமூட்டும் செய்திகளையே கூறினோம். மறுபக்கத்தையும் மறைக்கலாகாது.

உலகைத் தனியாகப் பாய்ப்படகில் முதன்முதலாகச் சுற்றியவர் ஜோஷுவா ஸ்லோக்கம். 1895இல் தம் 51ஆம் வயதில், தாமே புதுப்பித்துக் கட்டிய 'ஸ்பிரே' என்னும் படகில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து புறப்பட்டு 1898இல் திரும்பினார். அவரே 1909இல் அதே படகில் மீண்டும் தனியாகப் புறப்பட்டார்; அதன்பின் அவரையோ படகையோ எவரும் கண்டிலர். கடலை முற்றும் அறிந்தவருக்கே இக்கதி எனில், நேற்றுக் கற்றவர் எவ்வளவு அஞ்சி நடக்கவேண்டும்!

2018 செப்டம்பரில் அபிலாஷ் டோமி மீண்டும் ஒரு தனிப் பயணப் போட்டியில் சென்றுகொண்டிருந்தபோது, தென் இந்துமாக் கடலில் புயலில் சிக்கிப் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பில் அடிபட்டுப் படகிலேயே அசைய இயலாது கிடந்தார். ஒருவரை மீட்க இந்திய, ஆஸ்திரேலிய விமானங்கள் தேடின. பிரெஞ்சு நாட்டுக் கப்பல் ஒன்று விரைந்து சென்று அவரைக் காப்பாற்றியது. பின் உடல் தேறி, 2023இல் அதே போட்டியில் இரண்டாம் இடம் பெற்றார் என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் ஒருவர் கடலில் இடர்ப்பட்டால் எத்தனை பேர் தம் உயிரைப் பணயம் வைத்து வரவேண்டியிருக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது.

நம் கரையிலேயே 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர் பலர் மாண்டனர். பலர் உடல் கூடக் கரை சேரவில்லை. அவர்களுள் மிகப் பலர் நம்மைப் போலவே பங்கு ஆலயங்களைச் சுற்றி வாழும் குடும்பத்தினர். அவர்கள் பொழுதுபோக்கிற்காகக் கடலுக்குச் செல்லவில்லை, அடுப்பெரியச் சென்றனர். ஆகவே ஓய்வூதியத்தின் துணையோடு பாய்ப்படகு கற்கச் செல்பவர், அம்மக்களின் முன் மாணவராகவே நிற்கவேண்டும். "இன்று கடல் எப்படி?" என்று கரையில் வலை பழுதுபார்க்கும் முதியவரைக் கேட்டுவிட்டுப் போகும் பணிவு இல்லாதவருக்கு எந்தச் சான்றிதழும் பயன்தராது.

ஆகவே சில நெறிகள்:

முதலாவது, தகுதியுள்ள சங்கத்தில் ஆசிரியரிடம் கற்கவேண்டும். படகுப் பதிவு, துறைமுக அனுமதி முதலிய சட்டத் தேவைகளைச் சங்கத்தார் வழியாக நிறைவு செய்யவேண்டும். இந்தியாவும் இலங்கையும் 1974, 1976 ஆகிய ஆண்டுகளில் வரையறுத்த கடல் எல்லையைப் பாக் நீரிணைப் பக்கம் செல்வோர் சிறிதும் மீறலாகாது.

இரண்டாவது, மருத்துவரின் ஒப்புதல். குருதி அழுத்தம், நீரிழிவு, கண்புரை, நிலைதடுமாற்றம் ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளவேண்டும். நடுப்பகல் வெயிலில் நீர் அருந்த மறப்பதும், வேளை தவறி மருந்து உண்பதும் முதியோருக்கு அலையினும் கொடிய பகை.

மூன்றாவது, லைஃப் ஜாக்கெட் என்னும் மிதவைச் சட்டையைக் கரையிலேயே அணிந்து, திரும்பிக் கரையேறிய பின்னரே கழற்றவேண்டும். நீந்தத் தெரியாதவர் முதலில் நீச்சலைக் கற்கட்டும். நம் ஊர்க் கிணற்றில் குதித்து வளர்ந்தவர்களும், அலையில் நீந்துவது வேறு என்பதை அறியவேண்டும்.

நான்காவது, பருவம் அறிதல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் நம் கிழக்குக் கரைக்கு உரியவை. அக்காலத்தில் கற்றுக்குட்டிகளுக்குக் கடலில் இடமில்லை. குமரிக் கடலில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை கொந்தளிப்பு மிகும். ஜனவரிக்குப் பின் சில மாதங்கள் கிழக்குக் கரையில் கடல் பொதுவாக அமைதியாயிருக்கும். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டால் அன்று விவாதம் வேண்டாம்.

ஐந்தாவது, தனியே செல்லாமை. எங்குச் செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்பதைக் கரையில் உள்ள ஒருவரிடம் எழுதிக் கொடுத்துச் செல்லவேண்டும். இடர் நேர்ந்தால் கடலோரக் காவல்படையை 1554 என்னும் எண்ணில் அழைக்கலாம்.

இல்லத்தில் நிகழும் வழக்கு

இப்போது இப்பொருளின் மையத்திற்கு வருவோம். கடலினும் கடினமான வழக்கு வீட்டிற்குள்ளேதான் நிகழும்.

"அப்பா, உங்களுக்கு என்ன குறை வைத்தோம்? பேசாமல் வீட்டில் இருங்களேன்" என்று மகன் கூறுவான். அதில் அன்பும் இருக்கிறது. ஊரார் பேச்சைப் பற்றிய அச்சமும் இருக்கிறது. "என் வாழ்நாளெல்லாம் உங்களுக்காகவே உழைத்தேன். இனியாவது எனக்குப் பிடித்ததைச் செய்ய விடுங்கள்" என்று தந்தை கூறுவார். அதில் நியாயமும் இருக்கிறது. சற்றே பிடிவாதமும் இருக்கிறது. இருவரும் சரியே, இருவரும் முழுதும் சரியல்லர்.

பெற்றோரே, உங்கள் உயிர் உங்களுக்கு மட்டும் உரியதன்று. நோயுற்ற மனைவியைத் தனியே விட்டுவிட்டோ, மகளின் திருமணத்திற்குச் சேர்த்த பணத்தை எடுத்தோ படகேறுவது கலையன்று, கடமை தவறுதல். படகு ஒன்றைச் சொந்தமாக வாங்கித்தான் கற்கவேண்டும் என்பதும் இல்லை. சங்கத்தின் படகில், பிறர் தலைமையில், கயிறு பிடிக்கும் துணையாளாகப் பல ஆண்டு பழகலாம். இல்லத்தாரிடம் மறைத்துச் செய்யாதீர்கள். ஒருநாள் அவர்களையும் கரைக்கு அழைத்துச் சென்று, நீங்கள் யாரிடம் கற்கிறீர்கள், என்ன அணிகிறீர்கள் என்பதைக் காட்டுங்கள். பாதி அச்சம் அங்கேயே நீங்கும்.

பிள்ளைகளே, ஒரு கேள்வி. முதியவர் கடலுக்குச் செல்வதால் வரும் ஆபத்தை நீங்கள் காண்கிறீர்கள். அவர் எதற்கும் செல்லாமல் நாற்காலியில் அமர்ந்தே தேய்ந்து போகும் ஆபத்தை யார் காண்பது? பணியை விட்ட மறு ஆண்டே மெலிந்து, பேச்சுக் குறைந்து, எதிலும் பற்றற்றுப் போனவர்களை நம் தெருவிலேயே பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு நோய் என்று பெயரிட முடியாது; நாளை காலை எழுவதற்கு ஒரு காரணம் இல்லாமற்போனதே அவர்கள் குறை. புதிதாக ஒன்றைக் கற்பவருக்கு அக்குறை இல்லை. நாளைக்கு ஒரு முடிச்சைப் போட்டுப் பார்க்கவேண்டும், காற்றின் திசையைக் குறித்து வைக்கவேண்டும், சென்ற வாரம் செய்த பிழையைத் திருத்தவேண்டும் என்னும் எண்ணமே அவரை எழுப்பிவிடும்.

முதுமையில் கற்பதற்குப் பெருந்தடை உடலன்று, பெருமையே. நாற்பது ஆண்டுகள் தலைமையாசிரியராகவோ, மேலாளராகவோ, பத்து லாரிகளுக்கு உரிமையாளராகவோ இருந்து பிறருக்குக் கட்டளையிட்டவர், இருபத்திரண்டு வயது இளைஞன் "ஐயா, கயிற்றை விடுங்கள்" என்றால் உடனே விடவேண்டும். ஏன் என்று கேட்க நேரமில்லை. அந்தக் கணத்தில் பணியத் தெரிந்தவரே கடலுக்குத் தகுதியானவர். பேரனிடம் செல்பேசி இயக்கக் கற்கும் பாட்டிக்கும் இதே பாடம்தான்.

எல்லாரும் படகேறவேண்டும் என்பது நம் கருத்தன்று. எருமப்பட்டியில் ஒருவருக்குக் கடல், மற்றொருவருக்குத் தச்சுப்பட்டறை, வேறொருவருக்கு வீணை. எதுவாயினும் மீண்டும் மாணவராக அமரும் மனமே வேண்டும். ஐந்தில் வளைந்தது ஐம்பதிலும் வளையும். ஐந்தில் வளையாததும் எழுபதில் வளையக்கூடும் என்பதற்குச் சான்றுகளை மேலே கண்டோம்.

குடும்பமாக அமர்ந்து சிந்திக்க:

1. நம் இல்லத்து முதியவர் இளமையில் கற்க விரும்பி, குடும்பத்திற்காகக் கைவிட்ட கலை எது? அதை நாம் அவரிடம் என்றேனும் கேட்டிருக்கிறோமா?

2. அவருக்காக அஞ்சித் தடுக்கிறோமா, நம் வசதிக்காகத் தடுக்கிறோமா?

3. முதியவரே, உம்மினும் இளையவர் ஒருவரிடம் கடைசியாக நீர் எதைக் கற்றீர்?